நெகட்டிவ் கவரும் டிரைவ் லிங்க்கும்

இரண்டு பொருள்களை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஒன்று, காக்கித்தாள் கவர். உள்ளங்கை அகலம். மூலையில் ஸ்டூடியோவின் ரப்பர் முத்திரை. அதன் கீழே பென்சிலில் ஓர் எண், தேதி, 'தாழக்குடி, கல்யாணம்' என்று இரண்டு வார்த்தை. உள்ளே பட்டர் பேப்பரில் சுற்றிய 120 பிலிம் துண்டுகள். ஒவ்வொரு படமும் ஆறு சென்டிமீட்டர் சதுரம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி கரியாகவும், பெண்ணின் கூந்தல் கண்ணாடியாகவும் தெரியும். கொஞ்சம் சாய்த்தால் முகத்தின் மேல் பென்சில் தீற்றல் மினுங்கும். கண்ணுக்கடியில் உள்ள குழியையும் கன்னத்துச் சுருக்கத்தையும் மறைக்க, டச்சிங் செய்தவர் கூர்மையான பென்சில் முனையால் புள்ளி புள்ளியாக வைத்த வேலை அது.

மற்றொன்று, எழுத்தும் எண்ணும் கலந்த ஒற்றை வரி. வாட்ஸ்அப்பில் வந்தது. விரலை வைத்தால் ஒரு ஃபோல்டர் திறக்கும். உள்ளே மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். அல்லது திறக்காது.

இரண்டு காலத்திலும் இந்தத் தொழிலில் பிழைத்தவன் நான். நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் ரோல் கழுவக் கற்றுக்கொண்டு தொடங்கினேன். இன்று மெமரி கார்டோடும் லேப்டாப்போடும் அலைகிறேன். பிலிம் படம் நல்லதா, டிஜிட்டல் படம் நல்லதா என்ற சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை. சுசீந்திரம் கோயில் பிராகாரத்தின் அரையிருட்டில் இன்றைய கேமரா எடுத்துத் தருகிற படத்தை அன்றைய பிலிமால் தந்திருக்க முடியாது. அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு கேள்வி. எடுத்த படத்தை வைத்திருப்பவர் யார்? இருபது வருடம் கழித்து ஒருவர் கேட்டு வந்தால் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது? அந்தக் கேள்வியை வைத்துத்தான் இரண்டு காலத்தையும் ஒப்பிடுகிறேன்.

முதலில் கவரின் கதை. அன்று பிலிம் காசு. 120 ரோலில் சதுரப் படம் 12, 35 எம்.எம். ரோலில் 36. ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிமும் பேப்பரும் எங்கள் பக்கத்துச் சின்ன ஸ்டூடியோக்களுக்குப் பெரிய கைகொடுப்பு. ஒரு கல்யாணத்துக்கு ஐந்தாறு ரோல் என்றால் 200 படம், அதுவே தாராளம். தாலி கட்டும்போது இரண்டு கிளிக், மாமன் வீட்டார் நிற்கும்போது ஒன்று, பந்தியில் ஒன்று. முகூர்த்தம் முடிந்து வந்து, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் என்லார்ஜருக்கு அடியில் பேப்பரை வைத்து, டெவலப்பரில் போட்டு ஆட்டி, ஹைப்போவில் நிறுத்தி, தண்ணீரில் அலசிக் காயப் போடுவதற்குள் கையெல்லாம் மருந்து வாடை ஏறிவிடும். ஆல்பம் வீட்டுக்குப் போகும். நெகட்டிவ் போகாது, கடையில் இருக்கும். மறுபடி பிரிண்ட் வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும் என்பது கடைக்காரரின் வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கின் பலனாக, ஊருக்கு ஒரு காப்பகம் தானாக உண்டாகிவிட்டது. யாரும் அதைக் காப்பகம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காப்பகத்துக்குச் சாவி ஒரு நீள நோட்டு. எண், பெயர், ஊர், தேதி, எத்தனை காப்பி, முன்பணம், பாக்கி. அந்த நோட்டு இல்லாவிட்டால் பத்தாயிரம் கவரும் வெறும் காகிதக் குவியல். இருந்தால், 'எழுபத்தொன்பதுல, தையில, கோட்டாறுல நடந்த கல்யாணம்' என்று ஒருவர் சொன்ன கால் மணி நேரத்தில் கவர் மேசைக்கு வந்துவிடும். ஏணி வைத்து அட்டத்தில் ஏறி, தூசியில் தும்மிக்கொண்டே எடுத்துத் தருவதுதான் கடைப் பையன்களாகிய எங்கள் முதல் வேலை.

அந்த நோட்டின் அருமை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் முழுசாக விளங்கியது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்து வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. மணக்குடியில் பாலமே இடத்தை விட்டுப் பெயர்ந்தது. அலமாரிக்குள் இருந்த ஆல்பமும், சுவரில் தொங்கிய சட்டம் போட்ட படமும் எந்த மூலைக்கு? அடுத்த வாரங்களில் கடற்கரை ஊர்ப் பெண்கள் ஸ்டூடியோ படியேறி வந்தார்கள். "மக்களே, எனக்க பையனுக்க படம் ஒண்ணு ஒங்ககிட்டக் கெடக்குமா?" முதல் நன்மைக்கு எடுத்த படம், பள்ளிக்கூடக் குரூப் படம், யாரோ ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் ஓரமாக நின்ற படம். எதுவானாலும் சரி என்றார்கள். ஒரு கல்யாணப் படத்தில் மூன்றாவது வரிசையில் தலை மட்டும் தெரிந்த ஒரு பையனின் முகத்தை என்லார்ஜரை உச்சிக்கு ஏற்றிப் பெரிதாக்கினோம். கோதுமை ரவை மாதிரிப் புள்ளி புள்ளியாக வந்தது. அந்தத் தாய் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, ஈரம் போகக் காயும் வரைகூடப் பொறுக்கவில்லை. வீட்டில் அழிந்தது கடையில் பிழைத்திருந்தது. காரணம், இரண்டு இடத்தில் இருந்தது என்பதுதான்.

பதிமூன்று வருடம் கழித்து, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் அரபிக் கடலில் சிதறின. டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் ஆயிரக்கணக்கானோர் மறியலில் உட்கார்ந்தார்கள். அந்த நாட்களில் காணாமல் போனவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு நின்ற உறவினர்களின் கைகளை நான் உற்றுப் பார்த்தேன். எல்லாமே செல்போனிலிருந்து வந்த படங்கள். ஒன்றில் கூலிங் கிளாஸ், பின்னால் துறைமுகம். இன்னொன்று பைக்கின் மேல் சாய்ந்து எடுத்த செல்ஃபி. வாட்ஸ்அப்பின் வட்டப் படத்தைப் பெரிதாக்கி ஃப்ளெக்ஸில் அடித்தது ஒன்று. முகத்தின் ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைந்திருந்தன. அவர்களுடைய போன்கள் அவர்களோடு கடலுக்குப் போயின. ஆனால் படங்கள் போகவில்லை. துபாயில் வேலை செய்யும் மைத்துனர் போனில், ஊர்க் கால்பந்துக் குழுவின் குரூப்பில், தங்கையின் ஸ்டேட்டஸில் பழையதாகக் கிடந்தன.

இந்த இரண்டு துயரத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். 2004இல் படத்தைக் காத்தவர் ஒரு தனி ஆள். அவர் கடை கடலோரத்தில் இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும். 2017இல் காத்தது ஒரு கூட்டம். எவருக்கும் தாங்கள் காக்கிறோம் என்று தெரியாது. பரவிக் கிடப்பதில் ஒரு பலம் உண்டு. டிஜிட்டலைக் குறை சொல்லும் பழைய ஆட்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்கள். நான் தயங்க மாட்டேன். ஆனால் பரவிக் கிடப்பது வேறு, பத்திரமாக இருப்பது வேறு. ஒக்கி நடந்த வாரத்தில் எல்லோர் போனிலும் அந்த முகம் இருந்தது. இன்று எத்தனை போனில் இருக்கும்? எத்தனை பேர் போன் மாற்றியிருப்பார்கள்? மெமரி நிறைந்து எத்தனை குரூப்பை அழித்திருப்பார்கள்? பிலிம் காலத்தில் படத்துக்கு ஒரே காவலாளி. இன்று ஆயிரம் பேர் கையில் படம், காவலாளி எவருமில்லை.

பிரதியின் தரத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். என் கேமராவில் விழும் படம் 6000க்கு 4000 புள்ளி. அதாவது 24 மெகாபிக்சல். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீள வாக்கில் சுமார் 1600 புள்ளிக்குச் சுருங்கும். பதினாலில் ஒரு பங்கு. எடுத்த தேதி, கேமரா, எடுத்தவர் பெயர் என்று படத்துக்குள் எழுதியிருக்கும் விவரமும் வழியிலேயே கழன்றுவிடும். 2023இல் எச்.டி. என்று ஒரு வழி வந்தது. அதைத் தேடி அழுத்துபவர்கள் குறைவு. அப்படிச் சுருங்கிய படத்தைத்தான் பலர் 'ஒரிஜினல்' என்று சேமித்து வைத்திருக்கிறார்கள். சட்டம் போட்டு மாட்ட வேண்டிய நாள் வரும்போதுதான் தெரியும்.

லிங்க் எவ்வளவு நாள் நிற்கும்? ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30 அன்று மூடினார்கள். எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளின் ஒரு தலைமுறைப் படம் அதில்தான் இருந்தது. டிக்டாக் 2020 ஜூன் 29 அன்று தடைசெய்யப்பட்டது. இரண்டொரு நாளில் தங்கள் வீடியோவையே பார்க்க முடியாமல் நின்றார்கள் பலர். கூகுள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவசமாக இடம் தந்ததை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தி, எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜி.பி. என்றது. இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிப்போம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இறந்துபோனவரின் கணக்கை யார் தொடுவார்கள்? மற்ற எல்லாவற்றையும் விட அந்த விதிதான் என்னை உலுக்கியது. ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம் கிளிக், ரா கோப்பாக எடுத்தால் 100 ஜி.பி. வரை வரும். அதை எந்த ஃபோட்டோகிராஃபரும் ஆயுள் முழுக்கக் காசு கட்டி வைத்திருக்க மாட்டார். ஒரு மாதம், மூன்று மாதம் லிங்க் உயிரோடு இருக்கும். பிறகு வருவது, "அண்ணே, லிங்க் ஓப்பன் ஆகமாட்டேங்குது" என்ற செய்தி. வீட்டுக்காரர் டவுன்லோடு செய்துவிட்டார் என்று நாங்கள் நினைத்திருப்போம்; ஃபோட்டோகிராஃபரிடம் எப்போதும் இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். கவர் காலத்தின் நம்பிக்கை மட்டும் அவரிடம் மிச்சம் இருக்கிறது, கவர் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பிலிமுக்கு அழிவே இல்லை என்பதுபோல விட்டுவிடவும் கூடாது. எங்கள் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை. தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கடற்காற்று கூடவே. லென்ஸுக்குள் பங்கஸ் பிடிப்பது இங்கே ஜலதோஷம் பிடிப்பது மாதிரி சாதாரணம். நெகட்டிவின் மேல் பூசியிருப்பது ஜெலட்டின். பூஞ்சைக்கு அது சாப்பாடு. அசிட்டேட் பிலிம் புழுக்கத்தில் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும், சுருண்டு நெளியும். பெட்டியைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை வந்தால், உள்ளே இருப்பவற்றில் பாதி போய்விட்டது என்று புரிந்துகொள்ளலாம். எண்பதுகளின் கலர் பிரிண்ட் நிறமெல்லாம் போய்ச் செம்மை பாய்ந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் உள்ளது வெள்ளி, அதனால் நிற்கிறது. அந்த வெள்ளியே அதற்கு எமனும் ஆயிற்று. கடையை மூடியவர்கள் பலர் பழைய எக்ஸ்ரே வாங்குபவர்களிடம் நெகட்டிவையும் எடை போட்டுக் கொடுத்தார்கள். வெள்ளியைப் பிரித்தெடுக்க, ஊரின் முகங்கள் அமிலத்தில் கரைந்தன.

பிலிமின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது நெய்யூரை விட்டுவிட முடியாது. நெய்யூர் மருத்துவமனையில் நீண்ட காலம் அறுவை மருத்துவராக இருந்த ஹோவர்ட் சோமர்வெல்லை எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்றும் வீட்டு ஆளின் பெயர்போலச் சொல்வார்கள். 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்ற வந்தவர், நெய்யூரில் நோயாளிகளின் வரிசையைப் பார்த்து இங்கேயே தங்க முடிவெடுத்தார். 1924இல் மீண்டும் மலைக்குப் போனார். ஜூன் 4 அன்று, மேற்கொண்டு ஏற முடியாமல் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து, தனியாக ஏறிக்கொண்டிருந்த கூட்டாளி நார்ட்டனைப் படம் எடுத்தார். பிறகு தன் சட்டைப்பைக் கோடாக் கேமராவை ஜார்ஜ் மலோரிக்குக் கொடுத்தனுப்பினார். ஜூன் 8 அன்று மலோரியும் கூட ஏறிய இர்வினும் உச்சிக்குப் போகும் வழியில் மறைந்தார்கள். மலோரியின் உடலை 1999 மே 1 அன்று கண்டார்கள், கேமரா இல்லை. இர்வினுடையது என்று கருதப்படும் பாதமும் காலுறையும் 2024இல் பனியாற்றில் கிடைத்தன. அங்கும் கேமரா இல்லை. அவர்கள் உச்சியைத் தொட்டார்களா என்ற நூறு வருடக் கேள்விக்குப் பதில், நெய்யூர் டாக்டரின் கேமராவுக்குள் இருக்கும் ஒரு துண்டு பிலிமில் இருக்கலாம். உறைபனியில் கிடந்திருந்தால் அதைக் கழுவிப் படம் எடுக்க வாய்ப்புண்டு என்று கோடாக் வல்லுநர்களே சொன்னார்கள். அந்த நூறு வருடமும் அந்தப் பிலிமுக்கு மின்சாரம் தேவைப்படவில்லை, பாஸ்வேர்டு தேவைப்படவில்லை, மாதக் கட்டணமும் இல்லை. ஒரு மெமரி கார்டைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பனி இல்லாத ஊரிலும் படம் பிழைக்க வழியுண்டு. நம் மாவட்டம் திருவிதாங்கூரின் தென்முனையாக இருந்த காலத்தில், அந்தச் சமஸ்தானத்தைச் சுற்றிப் படமெடுத்தவர் சக்கரியா டி'குரூஸ். 1900இல் தொகுத்த அவருடைய ஆல்பம் கர்சன் பிரபுவின் தொகுப்பு வழியாகப் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்தப் படங்கள் இன்று நம் கைக்கு வருவதற்கு, நல்ல பேப்பர் மட்டும் காரணமில்லை. யார் எடுத்தது, எப்போது, எந்த இடம் என்று ஆல்பத்தோடு எழுத்தும் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. பெயரும் குறிப்பும் இல்லாத நூறு வருடப் படத்தைப் பழைய சாமான் கடையில்தான் பார்க்கலாம்.

இனி, படம் வெளியாகும் விஷயம். கன்னியாகுமரிக் கடலில் ஒரே பாறைக்கூட்டத்தில் நடந்த இரண்டு திறப்பு விழாக்களை எடுத்துக்கொள்கிறேன். 2000 ஜனவரி 1 அன்று கணபதி ஸ்தபதி வடித்த 133 அடி வள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். 2024 டிசம்பர் 30 அன்று, சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தைத் திறந்தார்கள். முதல் விழாவின் காலத்தில் ஒரு செய்திப் படம் எப்படிப் போகும்? ரோல் முடிந்ததும் நாகர்கோவிலுக்கு ஓட்டம். கலர் லேபில் கழுவி, பிரிண்ட் ஈரம் உலர்ந்ததும் பின்பக்கம் குறிப்பு ஒட்டி, கவரில் போட்டு, திருநெல்வேலி போகும் பஸ்ஸில் டிரைவர் அண்ணாச்சி கையில் கொடுத்து, பஸ் நம்பரைப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். அங்கே ஒரு ஆள் பஸ் நிலையத்தில் காத்திருப்பார். பஸ் பணகுடியில் பஞ்சரானால் படம் மறுநாள் பேப்பரில் இருக்காது. இரண்டாம் விழாவில், ரிப்பன் வெட்டி முடிக்கும் முன்பே படமும் வீடியோவும் ஆயிரம் போனில் ஓடின.

வேகத்தைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் கவலை அந்தப் பிரிண்டின் பின்பக்கத்தில் ஒட்டிய குறிப்பைப் பற்றியது. இடமிருந்து வலம் யார் யார், எந்த நாள், எந்த இடம், படம் எடுத்தது யார். குறிப்பில்லாத படத்தை உதவி ஆசிரியர் ஓரம் வைத்துவிடுவார். பெயர் தப்பாக வந்தால் காலையில் போன் வரும். அந்தப் பயம் எங்களைச் சரியாக எழுத வைத்தது. இன்று குறிப்பு இல்லாமலேயே படம் ஊர் சுற்றுகிறது. ஒவ்வொரு புயல் எச்சரிக்கையின்போதும் முந்தைய வருடத்துப் படங்கள், வேறு மாநிலத்துப் படங்கள் 'குமரி மாவட்டம், இப்போது' என்ற வரியோடு வந்துவிடுகின்றன. ஒரு மழைக் காலத்தில் நான் எடுத்த மரம் விழுந்த படம் ஒன்று, அடுத்த புயலில், வேறு ஊர்ப் பெயரோடு, என் பெயர் இருந்த மூலை வெட்டப்பட்டு, எனக்கே வந்தது. என் பெயர் போனதில் வருத்தம் உண்டு. அதைவிட, கடலுக்குப் போனவர்களின் வீட்டார் அந்தப் படத்தைப் பார்த்து என்ன பாடுபட்டிருப்பார்கள் என்ற நினைப்புதான் உறங்க விடவில்லை.

புத்தகம் இந்த விஷயத்தில் இன்னும் நாணயமாக இருக்கிறது. எழுத்தாளர் சுந்தர ராமசாமியைப் புதுவை இளவேனில் எடுத்த படங்களை யார் பார்த்தாலும் எடுத்தவர் பெயரோடு சேர்த்தே சொல்கிறார்கள். அச்சில் பெயர் ஒருமுறை ஏறினால் இறங்குவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நம் தொழிலில் உள்ள தம்பிகளே அறிந்துவைத்திருப்பதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவர்தான் அதன் ஆசிரியர். ஆனால் 17ஆம் பிரிவு ஒரு விலக்கு வைத்திருக்கிறது: ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். அதாவது கல்யாண ஆல்பத்தின் உரிமை கல்யாண வீட்டாருடையது. அவர்களைக் கேட்காமல் மணப்பெண் படத்தைத் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் விளம்பரமாகப் போடுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும். அதே நேரம் 57ஆம் பிரிவின்படி, உரிமை கைமாறினாலும் 'இது நான் எடுத்தது' என்று சொல்லிக்கொள்ளும் பாத்தியதை எடுத்தவருக்கு உண்டு. முன்பு படம் வெளியானதிலிருந்து 60 வருடம் இருந்த பாதுகாப்பு, 2012 திருத்தத்தில் எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 வருடமுமாக நீண்டது. எனவே முட்டத்துக் கடற்கரையில் இன்று இருபது வயதுப் பையன் எடுக்கிற படம் சட்டப்படி அவன் பேரன் காலம் வரை அவன் குடும்பத்துடையது. அந்தப் படம் அதுவரை எங்கே இருக்கும் என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை.

முட்டம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 1981இல் 'அலைகள் ஓய்வதில்லை' வந்த நாளிலிருந்து அந்தப் பாறைகள் தமிழ்நாட்டுக்குத் தெரிந்த பாறைகள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேமராக்காரனும் அங்கே போய் நின்றான். இன்று அந்த வரிசையில் மாத்தூர் தொட்டிப்பாலமும், கணபதிபுரத்துக் கடற்கரையும், முப்பந்தல் காற்றாலைகளும் சேர்ந்துகொண்டன. சித்திரா பௌர்ணமி மாலையில் கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும். அதை எடுக்க முக்காலியோடு வருகிறவர்களுக்கு நிற்க இடமில்லை. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே பக்கம் பார்த்து எடுக்கிறார்கள். போனில் எது ஓடும் என்று தெரிந்துவிட்டதால், எதை எடுப்பது என்பதையும் அதுவே முடிவு செய்துவிடுகிறது. பூதப்பாண்டி வயலில் நாற்று நடுகிறவர்கள், தோவாளைப் பூச்சந்தையில் விடியலுக்கு முன்னே மூட்டை அவிழ்க்கிறவர்கள், வடசேரியில் பாத்திரக் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவர் - இவர்களுக்கு லைக் குறைவு. படமும் குறைந்துகொண்டு வருகிறது.

வளைகுடா விஷயத்தில் மட்டும் புதிய காலத்துக்கு முழு மதிப்பெண் போடுவேன். எங்கள் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் மஸ்கட்டிலோ தோகாவிலோ இருக்கும் தெருக்கள் உண்டு. அன்று, பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்து ஒரு பெண் மாமியாரோடு ஸ்டூடியோவுக்கு வருவாள்; குழந்தையை மடியில் வைத்து, வரைந்த திரைக்கு முன்னால் ஒரு படம். அது ஏர்மெயிலில் போய்ச் சேர்ந்து, அவர் பதில் எழுதி வருவதற்குள் குழந்தை கவிழ்ந்து படுக்கத் தொடங்கியிருக்கும். இன்று தங்கையின் தாலிகட்டை அண்ணன் வேலையிடத்தில் இடைவேளையில் யூடியூப் நேரலையில் பார்க்கிறார். மண்டபத்தில் நான் கேமராவைத் திருப்பி 'அண்ணன் பார்க்காங்க' என்றதும் மணப்பெண் அழுததைக் கண்ணால் பார்த்தவன், பழைய காலமே போதும் என்று எப்படிச் சொல்வான்? அந்த நேரலையின் பதிவு அடுத்த வருடம் இருக்குமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

ஆகவே என் கல்யாண வேலையில் ஒரு மாற்றம் செய்துகொண்டேன். ஆல்பம், லிங்க் இரண்டோடும், தேர்ந்தெடுத்த நூறு படங்களைச் சாதாரண நாலுக்கு ஆறு பிரிண்டாகப் போட்டுத் தருகிறேன். டிசைன் இல்லை, பின்னணி ஒட்டு இல்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரை உட்காரவைத்து, படத்தில் நிற்பவர்கள் பெயரை மென்மையான பென்சிலால் எழுதி வாங்குகிறேன். பேனா மை முன்பக்கம் ஊறும், பென்சில் ஊறாது. மூன்று பிரதி வைக்கிறேன்: இரண்டு கடையில் வேறு வேறு ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில். அதற்கும் ஒரு நீள நோட்டு உண்டு. எத்தனை வருடம் வைத்திருப்பேன் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். தம்பிமார் சிலர் இதைக் கூடுதல் வேலை என்கிறார்கள். கூடுதல் வேலைதான், அதற்குத் தனியே காசும் வாங்குகிறேன், கொடுக்கிறார்கள்.

பழைய கவர்கள்தான் அவசரம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களை ஸோயி ஹெட்லியும் அவருடைய குழுவும் தேடிப் பிடித்து டிஜிட்டலாக்கினார்கள். ஒருபக்கம் புதிய தொழில்நுட்பம் பழைய பிலிமை மூலைக்குத் தள்ளியது என்றால், அதே தொழில்நுட்பம்தான் அழுகும் பிலிமுக்கு இரண்டாவது ஆயுளும் தருகிறது. குமரி மாவட்டத்திலும் இது நடக்க வேண்டும். பெரிய ஸ்கேனர், குளிரூட்டிய அறை என்று தொடங்க வேண்டியதில்லை. முதல் வேலை நோட்டு. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும் இந்துக் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் இருவர் இருவராக ஒரு கடைக்குப் போய், கவர் கவராக, இது யார் வீட்டு விசேஷம், எந்த ஊர், எந்த வருடம் என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதினால் போதும். படத்தை வெளியே காட்ட வேண்டாம். அது அந்தந்தக் குடும்பத்தின் சொத்து, அவர்கள் சம்மதத்தோடுதான் வெளிவர வேண்டும். பெயரும் ஊரும் எழுத்தில் ஏறிவிட்டால், ஸ்கேன் செய்வதை அடுத்த வருடம்கூடச் செய்யலாம். பெயர் அறிந்தவர் போய்விட்டால் எவ்வளவு பெரிய இயந்திரம் வந்தும் பயனில்லை.

அப்படிப் பெயர் அறிந்தவர்கள் வடசேரியிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் இன்னும் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபது, எண்பது வயது. பாஸ்போர்ட் படம் எடுக்கவும் ஜெராக்ஸ் போடவும் மகனோ பேரனோ இருப்பதால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் கடையில் ஆள் இருக்காது. பெட்டியை அட்டத்திலிருந்து இறக்க மட்டும் ஓர் இளம் கை வேண்டும்.